ஒஸ்லோவில இருந்து வந்த மூண்டு பை கோப்பியும் இணுவில் கிணத்துத் தண்ணியும்

முழுக்க வாசிக்க நேரமில்லாத ஆக்களுக்காக முதலே முடிவைச் சொல்லிப்போடுறன். கெனியாப் பைதான் மூண்டிலயும் திறம். எதியோப்பியா, கோப்பியே குடிக்காத ஆக்களுக்கும் பிடிக்கும். ருவாண்டா விடிய எழும்பி ஒவ்வொரு நாளும் குடிக்க நல்லது, ஆனா அதுக்குள்ள ஒரு ஏழரை கிடக்கு, பேந்து சொல்லுறன். இந்த மூண்டையும் எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணியில போட்டுக் குடிச்சா எது எந்த நாடு எண்டே பிடிக்க ஏலாது, ஒரு சாதாரண கறுத்தக் கோப்பிதான் மிஞ்சும், அதுக்கு உவ்வளவு காசு குடுக்கத் தேவையில்லை.

சித்தியின்ர மகன் ஒஸ்லோவில இருக்கிறான். இந்தமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க வழமையான சொக்லேட், சோப்பு, சென்ற் எல்லாத்தோடயும் மூண்டு பை கோப்பிக்கொட்டையும் கொண்டு வந்தவன். ஒவ்வொண்டும் 250 கிராம். அங்க ஒரு சின்னக் கடையில வறுத்து விக்கினமாம், கடையின்ர பேர் இஞ்ச தேவையில்லை, ஏனெண்டா இதே மாதிரிப் பை லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எங்கயும் கிடைக்கும், எங்களில ஆருக்கு வெளியில ஒரு சொந்தம் இல்லை சொல்லுங்கோ. என்னத்தைக் கேட்டு எடுப்பிக்கிறது எண்டு தெரிஞ்சாக் காணும்.

விலை எண்டா ஒரு பை 160 குரோனராம், எங்கட காசில 4,500 ரூபா சொச்சம். ஒரு கோப்பைக்கு 15 கிராம் போட்டா பையொண்டில 16 கோப்பை வரும், அப்ப கோப்பைக்கு 280 ரூபாக்கு மேல விழுது. அம்மா இதைக் கேட்டிட்டு "அதுக்கு ஒரு கிலோ அரிசி வாங்கலாமே" எண்டா. வாங்கலாம்தான். ஆனா ஒரு கணக்கு இருக்கு. வறுக்காத பச்சைக் கொட்டை ஒரு கிலோ எடுக்க அஞ்சாறு கிலோ பழம் பிடுங்கவேணும், அதுவும் பழுத்ததை மட்டும் பார்த்து ஒவ்வொண்டாக் கையால, பிறகு வறுக்கேக்க நிறையில ஆறில ஒரு பங்குக்குக் கிட்டக் குறைஞ்சிடும். அப்ப என்ர கையில இருக்கிற ஒரு பைக்குப் பின்னால ஒண்டரைக் கிலோவுக்கு மேல பழம். வெங்காயம் செய்யிற ஆக்களுக்குத் தெரியும், கையால செய்யிற வேலைக்கு என்ன கூலி போகுமெண்டு.

சிங்கிள் ஒரிஜின், அதாவது ஒரே இடத்துக் கோப்பி, எண்டு பையில அடிச்சிருந்தா உடன நம்பிப்போட வேண்டாம். எதியோப்பியா எண்டு நாட்டின்ர பேரை மட்டும் போட்டு வச்சாலும் அது சிங்கிள் ஒரிஜின்தான், ஆனா அது இலங்கைத் தேயிலை எண்டு சொல்லுறமாதிரி, நுவரெலியாவோ ருகுணுவோ எண்டு ஒண்டும் விளங்காது. என்ர கெனியாப் பையில என்னென்ன இருந்ததெண்டா நியேரி எண்ட மாவட்டம், எந்தக் கூட்டுறவுச் சங்கம், அந்தச் சங்கத்தின்ர எந்தக் கழுவுற நிலையம் (பழத்தை வாங்கித் தோல் உரிச்சுக் கழுவிக் காயவைக்கிற இடம்), எஸ்எல் 28, எஸ்எல் 34 எண்டு மரத்தின்ர இனம், 1,700 மீற்றர் உயரம், கழுவின கோப்பி எண்டு ஒரு வரி, வறுத்த திகதி. இதில நிலையத்தின்ர பேரும் வறுத்த திகதியும் இல்லாட்டி நான் காசு குடுக்கமாட்டன்.

தனி ஒரு கமக்காரன்ர பேர் பையில இல்லையே எண்டு தம்பியைக் கேட்டன். இருக்க வழியில்லை, ஏனெண்டா அங்க கன பேருக்கு இருக்கிறது எங்கட ஆக்களின்ர காணி அளவுதான். எதியோப்பியாவில கோப்பி செய்யிற சனத்தில பெரும்பாலான ஆக்களுக்கு ஒரு ஹெக்ரயருக்கும் குறைவு, ஏக்கருக்கு 16 பரப்புக் கணக்கில பார்த்தா 40 பரப்புக்குள்ள, கன பேருக்கு அதில பாதியும் இல்லை. ருவாண்டாவில ஒரு வீட்டுக்குச் சில நூறு மரம், அவ்வளவுதான். ஒரு வீட்டுக்காரர் பிடுங்கிறதைத் தனியாக் கழுவிக் காயவச்சு ஏத்துமதி செய்யிற அளவுக்கு வராது, அதால அண்டண்டைக்குப் பிடுங்கின பழத்தைக் கொண்டுபோய் நிலையத்தில நிறுத்துக் குடுத்திடுவினம், அங்க பக்கத்துப் பக்கத்துக் காணிப் பழம் எல்லாம் ஒண்டாச் சேரும். நிலையத்தின்ர பேர் முக்கியம் எண்டு நான் சொல்லுறது அதாலதான். எதியோப்பியாவில 2008ல பண்டச் சந்தை ஒண்டு தொடங்கி ஏத்துமதிக் கோப்பியில பெரும்பகுதி அதுக்குள்ளால போகவேணும் எண்டு வச்சவை, அங்க தரம் பார்த்துக் கலந்து விக்கிறதில எந்த ஊர் நிலையத்துக் கொட்டை எண்டது துலைஞ்சு போகும், 2017ல விதியை மாத்தினாப் பிறகுதான் இப்பிடிப் பேரோட வெளிய வாறது லேசாச்சு.

இனிக் கெனியா. பையில பெரிசா ஏஏ எண்டு போட்டிருக்கும், அதைப் பார்த்து இது முதலாந்தரம் எண்டு நினைக்கிற ஆக்கள் கன பேர். அது கொட்டையின்ர பருமன் மட்டும்தான், கிட்டத்தட்ட 7 மில்லிமீற்றர் ஓட்டை உள்ள அரிதட்டில தங்கிற கொட்டை ஏஏ, அதுக்கு அடுத்தது ஏபி. நல்ல நிலையத்து ஏபி, ஒரு சுமாரான ஏஏயை விட நல்லா இருக்கும், விலையும் குறைவு. பழத்தைத் தோல் உரிச்சு, தொட்டியில புளிக்க விட்டு, கழுவி, பிறகும் நல்ல தண்ணியில ஊறப்போட்டு, பரண் மாதிரி உயர்த்திக் கட்டின வலைத்தட்டில பரவிக் காயவைப்பினம். கெனியாக் கோப்பிக்கு இருக்கிற அந்தத் துப்புரவான சுவையில உந்தக் கழுவலுக்குப் பெரிய பங்கு.

எஸ்எல் எண்டுறது நைரோபிக்குக் கிட்ட இருந்த ஸ்கொட் ஆராய்ச்சிக்கூடத்தின்ர பேர், 1930களில தெரிஞ்செடுத்த இனங்கள் இவை. எஸ்எல் 28 வரட்சியைத் தாங்கும், சுவை எண்டா அதை அடிக்க ஆளில்லை, ஆனா இலைத்துரு நோய்க்குத் தாங்காது. அந்த நோயை எங்களுக்குத் தெரியாதே, 1869ல இலங்கையில கண்டுபிடிச்ச நோய்தானே அது, இருபது வருசத்துக்குள்ள மலைநாடு முழுக்கக் கோப்பி அழிஞ்சு தேயிலை வந்தது. கோப்பித் தோட்டத்துக்கு எண்டுதான் முதல்ல தமிழ்நாட்டில இருந்து சனத்தை மன்னார்க் கரையால இறக்கிக் காட்டுவழியா நடத்திக் கொண்டுபோனவங்கள், வழியில செத்த சனத்துக்குக் கணக்கில்லை. கோப்பிப் பையொண்டைப் பார்த்து ஆப்பிரிக்காக் கமக்காரனுக்கு நியாய விலை எண்டு பெருமைப்படுறவைக்கு இதுவும் தெரிஞ்சிருந்தா நல்லம். சரி, கதை எங்கயோ போகுது.

சுவை எண்டா, அரைச்ச உடன வாறது நாவற்பழ மணம். வெள்ளைக்காரர் பிளாக்கரண்ட் எண்டு எழுதிற அந்தச் சுவையை ரைபீனா குடிச்சு வளர்ந்த எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாய்க்குள்ள போன உடன ஒரு புளிப்பு, தேசிக்காய்ப் புளிப்பு இல்லை, பழுத்த தோடம்பழத்தில இனிப்போட சேர்ந்து வாற புளிப்பு, விழுங்கினாப் பிறகு நாக்கின்ர ரெண்டு பக்கமும் ஊறிக்கொண்டே இருக்கும். சூடு குறையக் குறைய இனிப்புக் கூடுது, இளஞ்சூட்டில குடிக்கிறதுதான் உச்சம். தம்பி முன்னுக்கே சொன்னவன், "அண்ணை, இதுக்குச் சீனி போடாதேங்கோ, ஆறவிட்டுக் குடியுங்கோ" எண்டு, அது சரிதான். அம்மா ஒரு மிடறு குடிச்சிட்டு "உது புளிச்செல்லோ போச்சு, பெட்டிக்குள்ள கிடந்து பழுதாப் போட்டுது போல" எண்டு கோப்பையை என்ர பக்கம் தள்ளிவிட்டா. கோப்பி எண்டா கைக்கவேணும், வேர்க்கொம்பு காரவேணும் எண்டு பழகின நாக்கு, நான் ஒண்டும் சொல்லப் போகேல்லை.

இப்ப தண்ணி. இதை வறுத்த ஆக்கள் ஒஸ்லோத் தண்ணிக்கு எண்டு பார்த்து வறுத்தவை, அங்க குழாயில வாறது ஏரித்தண்ணி, சுண்ணாம்பு இல்லாத மெல்லிய தண்ணி. எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, பெய்யிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால இறங்கி நிக்கிறதைத்தான் கிணத்தால அள்ளுறம். கேத்திலுக்குள்ள பார்த்தாத் தெரியும், வெள்ளை வெள்ளையாத் தட்டுத் தட்டாப் படிஞ்சிருக்கும். குடிக்க நல்ல தண்ணிதான், தேத்தண்ணிக்கும் பழகிப்போட்டம், ஆனா அதில கரைஞ்சிருக்கிற பைகாபனேற்று கோப்பியின்ர அமிலத்தைப் பிடிச்சுச் சமப்படுத்திப்போடும். கெனியாவுக்குக் குடுத்த காசே அந்தப் புளிப்புக்குத்தானே.

இதைச் சும்மா வாயால சொல்லாமல் பக்கத்துப் பக்கத்தில வச்சுப் பார்த்தன். ஒரே கொட்டை, ஒரே நிறை, ஒரே அரைப்பு. ஒண்டுக்கு எங்கட இணுவில் கிணத்துத் தண்ணி, மற்றதுக்குக் கடையில வாங்கின ஆர்ஓ தண்ணி. கிணத்துத் தண்ணிக் கோப்பி நிறமே கொஞ்சம் கலங்கி மங்கலாக் கிடந்தது, குடிச்சா நாவற்பழமும் இல்லை ஒண்டும் இல்லை, நடுநாக்கில ஒரு சோக்குக்கட்டி மாதிரித் தன்மை. ஆர்ஓ தண்ணிக் கோப்பி அதுக்கு மறுதலை, புளிப்பு ஊசி மாதிரிக் குத்துது, ஆனா உடம்பில்லை, வெறுமையாக் கிடக்கு, ஏனெண்டா கோப்பியில இருந்து சுவையை இழுத்தெடுக்கவும் தண்ணிக்குள்ள கொஞ்சம் கல்சியம் மக்னீசியம் வேணும். பொறுத்துப் பார்த்தா வழி லேசு, ரெண்டையும் கலக்கிறதுதான். ஸ்பெசல்ரி கோப்பிச் சங்கக்காரர் சொல்லுற அளவு ஒரு லீற்றருக்கு 150 மில்லிகிராம் கரைஞ்ச உப்புக்கள். எங்கட கிணத்துக்கு அளவுக்கோல் 600க்குக் கிட்டக் காட்டினது, ஆர்ஓ தண்ணிக்கு 40. ஒரு பங்கு கிணறு, நாலு பங்கு ஆர்ஓ எண்டு கலந்தாச் சரியா அந்த இடத்தில வந்து நிக்கும். கலந்து போட்ட கோப்பிதான் நான் மேல சொன்ன கோப்பி. உங்கட ஊர்க் கிணத்துக்குக் கணக்கு வேற, தீவுப் பக்கத்து உவர்த் தண்ணியெண்டா கிணத்தைத் தொடவே வேண்டாம். அளவுக்கோல் இல்லாட்டியும் பரவாயில்லை, நாக்கால பார்த்துக் கலக்கலாம், ரெண்டு மூண்டு தரத்தில பிடிபட்டிடும்.

எதியோப்பியாப் பை குஜிப் பக்கத்தது, கழுவாத கோப்பி, அதாவது பழத்தை உரிக்காமல் முழுசா அப்பிடியே வலைத்தட்டில போட்டு, பகலில பிரட்டிப் பிரட்டி, ரெண்டு மூண்டு கிழமை காயவிட்டு, பிறகுதான் காய்ஞ்ச தோலை உடைச்செடுக்கிறது. பழத்தின்ர இனிப்பு கொட்டையைச் சுத்திக்கொண்டே காயிறதால பையைத் திறந்த உடன வீடு முழுக்க மணம். பக்கத்து வீட்டு மாஸ்டர் மதிலுக்கு மேலால எட்டிப்பார்த்து "என்ன தம்பி, பலாப்பழம் வெட்டினனியளோ" எண்டு கேட்டார். பகிடிக்கு இல்லை, உண்மையா அந்த மணம்தான், நல்லாப் பழுத்துக் கொஞ்சம் புளிக்கத் தொடங்கின பலாப்பழம், அதுக்குப் பின்னால ஸ்ரோபெரி ஜாம். மாஸ்டரைக் கூப்பிட்டு ஒரு கோப்பை குடுத்தன், மனுசன் வழமையாப் பனங்கட்டி கடிச்சுக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிற ஆள், பனங்கட்டியைக் கையில வச்சுக்கொண்டே கடிக்க மறந்து குடிச்சு முடிச்சிட்டார். அவருக்கு நான் சொன்னன், அங்க வீட்டுக்கு ஆக்கள் வந்தா முன்னுக்கு வச்சே சட்டியில கொட்டையை வறுத்து, இடிச்சு, ஜெபனா எண்ட மண்குடுவையில காய்ச்சி, ஒரே தூளில மூண்டு தரம் ஊத்திக் குடுப்பினமாம், மூண்டாவது சுத்து மட்டும் இருந்து குடிச்சிட்டுப் போறதுதான் மரியாதை எண்டு. "அப்ப எனக்கு இன்னும் ரெண்டு கிடக்கு" எண்டார்.

ஆனா எனக்கு இது நெடுக ஓடாது. முதல் கோப்பை அருமை, அடுத்தடுத்த நாள் அந்தப் பழமணம் கொஞ்சம் திகட்டத் தொடங்குது, சில நேரம் கள்ளு வாடை மாதிரியும் எட்டிப்பார்க்குது. கழுவின எதியோப்பியா, யிர்காச்செஃபே மாதிரி இடத்தது, மல்லிகைப்பூவும் தேசிக்காய்த் தோலுமா இன்னும் மெல்லிசா இருக்கும், அடுத்தமுறை அதைத்தான் கேப்பன்.

ருவாண்டாவுக்கு வருவம். சிவப்புப் பேர்பன் எண்ட பழைய இனம், கழுவின கோப்பி, பிளேன்ரீ மாதிரி ஒரு மெல்லிய தன்மை, கருஞ்சீனிப் பாகு இனிப்பு, புளிப்புக் குறைவு. மூண்டில அம்மா முழுக்கக் குடிச்சு முடிச்சது இதை மட்டும்தான். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு அந்த நாட்டுக்காரர் கழுவுற நிலையங்களை ஒண்டொண்டாக் கட்டி, முந்தி மலிவு விலைக்குப் போன கொட்டையை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவை, 2008ல ஆப்பிரிக்காவிலயே முதல் முதலா கப் ஒஃப் எக்சலன்ஸ் எண்ட கோப்பித் தரப் போட்டி நடந்ததும் அங்கதான். போர் முடிஞ்ச எங்கட இடத்தில இருந்துகொண்டு இதை வாசிக்கேக்க ஒரு பெருமூச்சு வரத்தான் செய்யுது.

அந்த ஏழரை என்னெண்டா உருளைக்கிழங்கு மணம். ஒருநாள் விடிய அரைச்சுக்கொண்டிருக்கேக்க திடீரெண்டு பச்சை உருளைக்கிழங்குத் தோல் சீவின மணம் மூக்கில அடிச்சது. குசினிக்குள்ள கிழங்கு ஒண்டும் இல்லை. இது ருவாண்டா, புருண்டிப் பக்கத்துக் கோப்பிக்கு இருக்கிற ஒரு குறை, வறுத்தவையின்ர பிழை இல்லை. அன்ரெஸ்ரியா எண்ட ஒரு நாவாய்ப்பூச்சி இனம் பழத்தைக் குத்துறதோட இதுக்குத் தொடர்பு இருக்கு, கொட்டையை வெளியால பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது, வறுத்தாலும் போகாது, அரைக்கேக்கதான் மணக்கும். ஒரே ஒரு கொட்டை காணும், முழுக் கோப்பையும் போச்சு. அதால ருவாண்டாக் கோப்பியை மொத்தமா அரைச்சு வைக்கவே கூடாது, ஒவ்வொரு கோப்பைக்கும் தனியா அரைச்சு மணந்து பார்த்து, பிழையெண்டாக் கொட்டிப்போட்டுத் திரும்ப அரைக்கிறதுதான் வழி. குடிச்சா உடம்புக்கு ஒண்டும் செய்யாது, ஆனா ஆருக்கு மனம் வரும். இந்தப் பை முழுக்க எனக்கு ஒரு கோப்பைதான் அப்பிடிப் போனது, அதுக்காக நான் ருவாண்டாவைத் தள்ளிவைக்க மாட்டன்.

போடுற முறை பெரிய வித்தை இல்லை. 15 கிராமுக்கு 240, 250 மில்லிலீற்றர் தண்ணி, கொதிச்சு ஒரு நிமிசம் விட்டு ஊத்தினாச் சரி. முதல்ல தூள் நனையிற அளவுக்குக் கொஞ்சம் ஊத்திப்போட்டு அரை நிமிசம் நிண்டு பாருங்கோ, புதுசா வறுத்ததெண்டாத் தூள் குமிழ் விட்டுப் பொங்கி எழும்பும், எழும்பாமல் சப்பெண்டு கிடந்தாப் பை பழசு. கடதாசி வடி இல்லாட்டிச் சட்டிக்குள்ள நாலு நிமிசம் ஊறவிட்டுத் துணி வடியால வடிச்சாலும் நல்லாத்தான் வருது. அரைக்கிறதுதான் தலையிடி. மிளகாய்த்தூள் அரைக்கிற மிக்சியில போட்டா பாதி மாவாகும் பாதி குறுணலா நிக்கும், மாவு கைக்கும், குறுணல் புளிக்கும், ரெண்டும் ஒரே கோப்பைக்குள்ள. அதோட மிக்சிக்குள்ள இருக்கிற மல்லி மணம் எத்தினை தரம் கழுவினாலும் போகாது. கையால சுத்துற சின்ன அரைக்கிற மெசின் ஒண்டு தம்பி விட்டிட்டுப் போனவன், அது இல்லாட்டி நான் இந்தக் கொட்டையை வாங்கவே சொல்லமாட்டன்.

பால் விட்டுக் குடிக்கிற ஆக்கள் இதைத் தொடவேண்டாம், கெனியாவுக்கு பால்மா கரைச்சு ஊத்தினா மோர் மாதிரி ஒரு சுவை வருது, மச்சான் ஒருத்தன் செய்து பார்த்திட்டு முகத்தைச் சுளிச்சவன். ருவாண்டா மட்டும் கொஞ்சம் தாங்கும். அதே மாதிரி மழைக்காலத்தில தடிமன் பிடிச்சுக்கொண்டு இருக்கேக்க இதைக் குடிச்சு ஒரு சுகமும் இல்லை, அதுக்கு அம்மா மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் போட்டு வறுத்து இடிக்கிற தூள்தான், அது வேற சாமான், இதோட சேர்த்துக் கதைக்கிறதே பிழை.

சொந்தக்காரரிட்டச் சொல்லி எடுப்பிக்கிறதெண்டா இப்பிடிக் கேளுங்கோ: கொட்டையா வேணும், அரைச்சு வேண்டாம், பையில நிலையத்தின்ர பேர் இருக்கவேணும், வறுத்த திகதி பிளேன் ஏறுறதுக்கு முதல் ரெண்டு கிழமைக்குள்ள இருக்கவேணும், உங்களுக்குக் கிடைச்சாப் பிறகு ஒரு மாதத்துக்குள்ள முடிக்கப் பாருங்கோ. இஞ்சத்தை வெக்கைக்குப் பையைத் திறந்தபடி குசினித் தட்டில வச்சாக் கெதியா மணம் போயிடும். பிரிட்ஜுக்குள்ள வச்சு வச்சு எடுத்தா ஈரம் பிடிக்கும், கன நாள் வைக்கிறதெண்டா ஒரு நாளைக்கு வேண்டிய அளவா சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி ஐஸ் பெட்டிக்குள்ள போட்டு, தேவையானதை மட்டும் வெளியில எடுத்து உடன அரையுங்கோ. நான் மார்கழிக்கு வாற ஆக்களிட்டக் கெனியா ரெண்டு பை, ஏபி எண்டாலும் பரவாயில்லை எண்டு இப்பவே சொல்லி வச்சிட்டன்.